பதினாலாம் நம்பர் வீட்டுக் கல்

தென்காசிக்கு மேற்கே நெல் விளைந்த வயலில் செம்மண் கொட்டி மேடாக்கி, சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்து, மூலைக்கு ஒரு கல் நட்டு, அதற்குச் சாரல் நகர் என்று யாரோ பெயரும் வைத்து விற்ற காலத்தில், பதினாலாம் நம்பர் மனையை வாங்கி அதில் ஒரு வீட்டைக் கட்டி எழுப்பினவள் உலகம்மாள். கட்டினவர் கொத்தனார், பணம் போட்டவர் அவள் புருஷன் குத்தாலிங்கம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். காலையிலும் சாயங்காலத்திலும் சிமெண்டுச் சுவருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அது வெடிக்காமல் காத்தவள் அவள்தான். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு செங்கலும் ஏறுவதைப் பார்த்தவளும் அவள்தான். அந்த வீட்டுக்கு ஒரு தாய் உண்டென்றால் அது உலகம்மாள் என்று அந்த நகரில் முதலில் குடிவந்த காக்கைகளுக்குக்கூடத் தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாடகை வீட்டில் இருந்தவள். வக்கீல் வீட்டுப் பின்கட்டில் இருந்தபோது அவளுக்கு "வக்கீல் வீட்டுப் பின்னால இருக்கவ" என்று பெயர். ஜவுளிக்கடைக்காரர் மாடியில் இருந்தபோது "மாடிக்காரி". பிறகு ஒரு டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டை அடைத்துக் கட்டிய அறையில் இருந்தபோது அதுவும் இல்லை, "ஷெட்டு" என்று மட்டும் சொன்னார்கள். "ஷெட்டுல சொல்லி மோட்டாரை நிப்பாட்டச் சொல்லு" என்பார்கள். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை; வெளியூரில் இருந்த மகளுக்கு அவள் வெறும் அம்மா. குத்தாலிங்கம் ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறவர், யாரோடும் ஒரு வார்த்தை கூடப் பேசிவிட மாட்டார், பெண்டாட்டியைக் கூப்பிடுவதற்கு அவருக்கு "ஏளா" என்பதே போதுமாக இருந்தது.

அதனால் வீட்டுக்கு நம்பர் போர்டு வைக்க வேண்டும் என்று வந்தபோது, அவள் மற்ற எதற்கும் பிடிக்காத பிடிவாதத்தை அதற்குப் பிடித்தாள். குற்றாலம் ரோட்டில் இருந்த நேம்போர்டு கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கடையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொன்னாள். பித்தளைத் தகட்டில் பொறித்தது, ஸ்டீலில் வெட்டி ஒட்டினது, கண்ணாடி மாதிரி மினுங்கும் அக்ரிலிக், உள்ளே விளக்கு எரிவது, மயில் வரைந்த ஓடு, பிள்ளையாரும் நம்பரும் சேர்ந்தது, நம்பரைத் தமிழ் எண்ணில் எழுதினது என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்க, அவள் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பித்தளை கறுத்துப்போகும் என்றாள். ஸ்டீல் எழுத்தை நாளைக்கே ஒருத்தன் பிடுங்கிக்கொண்டு போவான் என்றாள். விளக்கு எரிவது சாராயக்கடை மாதிரி இருக்கிறது என்றாள். மறுநாள் திரும்பப் போய் முதலிலிருந்து பார்த்தாள். கடைசியில் கறுப்புக் கிரானைட்டில் கை நின்றது.

"எழுத்தை ஆழமா வெட்டி உள்ள தங்கக்கலர் ஊத்திருவோம்," என்றார் கடைக்காரர். "வீடே இடிஞ்சாலும் பேரு நிக்கும்மா."

"மேல பதினாலுன்னு நம்பர். பெருசா. கீழ உலகம்மாள் இல்லம்னு போடுங்க."

"சார் பேரு?"

"அவுக பேரு ரேஷன் கார்டுல இருக்கு, கரண்டு பில்லுல இருக்கு, பத்திரத்துல இருக்கு. கல்லுல எம்பேரு மட்டும் இருக்கட்டும்," என்றாள். குத்தாலிங்கம் பக்கத்தில் நின்று சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். கடைக்காரரை அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, படித்தது சரிதான் என்று கேட்டுக்கொண்ட பிறகே அவள் எழுந்தாள்.

பால்காய்ப்புக்கு முந்தின நாள், வைக்கோலும் பேப்பரும் சுற்றி, கல் வந்தது. கலவை இறுகுகிறது, மழை வேறு வருகிறது என்று கொத்தனார் அவசரத்தில், உலகம்மாள் வந்து பார்ப்பதற்குள், கேட் தூணில் விட்டிருந்த குழியில் அதைப் பதித்து, மேலே ஒரு மஞ்சள் துணியைப் போட்டு மூடிவிட்டுப் போனார். மறுநாள் காலையில், நகரின் சங்கத் தலைவரும் ரிட்டயர்டு தலைமை எழுத்தருமான ஆறுமுகநயினார் தேங்காய் உடைத்துத் துணியை விலக்க, வெயில் பட்டுத் தங்க எழுத்துகள் பளிச்சென்று எரிய, எல்லோரும் கைதட்டினார்கள். கல்லில் 14 என்று இருந்தது. அதன் கீழே மனோரஞ்சிதம் இல்லம் என்று இருந்தது.

கைதட்டல் ஓய்ந்த பிறகு உலகம்மாள், "இது எம்பேரு இல்லியே," என்றாள்.

எதிர்வீட்டுச் செல்லத்தாய் கல்லின் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "நல்ல பேராத்தான இருக்கு மயினி. வாசமா இருக்கு."

"நல்ல பேருதான். எம்பேரு இல்லியே."

கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவர் கல்லின் விளிம்பில் விரலால் தட்டிப் பார்த்து, கலவை பிடித்துவிட்டது, இனிமேல் நெம்பினால் கல் இரண்டாகும் என்றார். பால் பொங்குகிற நாளில் வாசல் கல்லை உடைப்பதா என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குத்தாலிங்கம், "பத்து நாள் போட்டும், பெறவு பாத்துக்கிடலாம்," என்றார். உள்ளே பால் பொங்கியது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

பத்து நாளில் ஒரு நகருக்கு எவ்வளவோ பழகிவிடும். பால்காரர் தெருமுனையிலிருந்தே "மனோரஞ்சிதம் வீடு, பாலு!" என்று கூவினார், ஏனென்றால் அவருக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தக் கல்தான். கோயில் கொடைவிழாவுக்கு வரி பிரிக்க வந்தவர்கள் ரசீதில் மனோரஞ்சிதம் என்று எழுதினார்கள். தெருப் பெண்கள் மதினி முறை வைத்து, முதலில் கேலியாக "மனோரஞ்சிதம் மயினி" என்று கூப்பிட்டார்கள். பிறகு கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றது. ஒருநாள் மாடியில் கூழ்வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து யாரோ அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க, உலகம்மாள் தன்னை அறியாமல் "என்ன?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு வெகுநேரம் உள்ளங்கையில் ஒட்டிய மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனோரஞ்சிதத்துக்குத் தபால்கள் வர ஆரம்பித்தன. எந்தெந்த ஊரிலிருந்தோ அவளுடைய சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை அனுப்பினார்கள். அவளுக்கு மாத்திரைகள் வந்தன, முழங்கால் வலிக்கு ஒரு தைலம் வந்தது. ஒருநாள் ஒரு பார்சலில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை வந்தது. அதைத் திருப்பி அனுப்ப விலாசம் இல்லாததால் உலகம்மாள் பீரோவில் வைத்தாள், வைத்த பிறகு எடுத்துப் பார்த்தாள், எடுத்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கட்டிக்கொண்டு கோயிலுக்கும் போனாள். அவ்வளவு அழகான புடவையை அவளுக்கு யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை.

ஐப்பசியில், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மத்தியானம், பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து உலகம்மாள் வயதுடைய ஒரு பெண் இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. கல்லைப் படித்தாள், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், பழகாதவர்களுக்குச் சட்டென்று திறக்காத அந்தக் கேட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி நெட்டித் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"யாரு வேணும்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"யாரும் வேண்டாம்மா. வீட்டுக்கு வந்திருக்கேன்," என்றாள் அவள்.

எதிர்வீட்டிலிருந்து செல்லத்தாய் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீயளா மயினி! இன்னிக்கு வருவீயளா நாளைக்கு வருவீயளான்னு தெருவே பாத்துக்கிட்டு இருந்துச்சு," என்றாள். மழையிலேயே ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். பிரயாணம் எப்படி இருந்தது, அங்கே மழை உண்டா, முழங்கால் வலி எப்படி என்று கேட்டார்கள்.

"அப்போ நான் யாரு?" என்று உலகம்மாள் கேட்டாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லத்தாய் பிரியமாகத்தான் சொன்னாள்: "இத்தன நாளு வீட்டை நீ நல்லாப் பாத்துக்கிட்ட. அதுல யாரும் ஒரு கொறை சொல்லல."

மயினி என்ற வார்த்தை அந்த வாக்கியத்தில் இல்லை என்பதை உலகம்மாள் கவனித்தாள்.

சாயங்காலம் குத்தாலிங்கம் மில்லிலிருந்து வந்தார். கேட்டில் நின்று கல்லைப் படித்தார், காலைக் கழுவினார், உள்ளே இரண்டு பெண்கள் இருப்பதைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். யாரிடமும் காப்பி கேட்கவில்லை. மனோரஞ்சிதம் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "சீனி சரியா இருக்கு," என்றார்.

உலகம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள். "ஒரு வார்த்தை சொல்லுங்க. யாருன்னு கேளுங்க."

"கல்லுல இருக்குல்லா," என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க தாலி கட்டினது யாருக்கு?"

"ஒனக்குத்தான். அதை யாரு இல்லங்கா? தாலி வேற, வீடு வேறல்லா."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண்ணைத் தள்ளுகிற துணிச்சல் அவருக்குக் கிடையாது. மனோரஞ்சிதம் யாரென்று அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் எழுதியிருப்பது ஒன்றும் இருப்பது ஒன்றுமாக இருந்தால், எழுதியிருப்பதற்குத் தக்கபடி இருப்பதைச் சரிசெய்துதான் அவருக்குப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியடியில் சங்கம் கூடியது. உலகம்மாள் தன்னுடைய ஆதார் அட்டையைக் கொண்டுபோய் ஆறுமுகநயினார் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார், படம் அவளுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார், வரிசையில் எல்லோரும் பார்க்கட்டும் என்று கை மாற்றிவிட்டார். எல்லோரும் படம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார்கள்.

"இது அட்டைம்மா," என்றார் அவர் பொறுமையாக. "அது கல்லு. அட்டை நனைஞ்சா போச்சு. அரசாங்கமே நாளைக்கு வேற அட்டை குடுக்கும். கல்லை யாரு மாத்த முடியும்?"

"அந்தக் கல்லைக் கொண்டாந்ததே நான்தான்யா."

"நீதான் கொண்டாந்தே. நீயே அதை மதிக்கலைன்னா பெறவு யாரு மதிப்பா?"

இதைக் கேட்டு எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. இவ்வளவு நியாயமாகப் பேசுகிற தலைவர் பக்கத்து நகர்களில் இல்லை என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். உண்மையில் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுத் தூணிலும் ஒரு கல் இருந்தது. ஒன்றைத் தப்பு என்று சொன்னால் மற்றதெல்லாம் ஆடும் என்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லாத விஷயம்.

உலகம்மாள் பெட்டி படுக்கையோடு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். அரிசி மூட்டைக்கும் பழைய டயருக்கும் நடுவில் பாயை விரித்தாள். மனோரஞ்சிதத்தை வெறுக்க அவள் எவ்வளவோ முயன்றாள், ஆனால் வந்தவள் வெறுப்பதற்கு ஒரு பிடி கொடுக்கவில்லை. தோசைக்கல்லில் முதல் தோசையை எடுத்து உலகம்மாள் தட்டில்தான் போட்டாள். உலகம்மாள் வைத்த செம்பருத்திக்கு அவள் தண்ணீர் ஊற்றினாள், அது முன்னைவிட அதிகமாகப் பூத்தது. கத்திரிப்பூ நிறப் புடவையைக்கூட, "ஒரு தரம் கட்டிட்டீய, நீங்களே வச்சுக்கிடுங்க," என்று கொடுத்துவிட்டாள்.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது உலகம்மாள் கேட்டாள்: "நீ எந்த ஊரு? இதுக்கு முன்னால எங்க இருந்தே?"

மனோரஞ்சிதம் கீரைத் தண்டை ஒடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கெங்கயோ இருந்தேன். யாரு வீட்டுலயோ பின்னாடி இருந்தேன். பெறவு எம்பேரு இங்க இருக்குன்னு தெரிஞ்சுச்சு. பேரு இருக்க இடத்துக்குத்தான வரணும்? நீங்களா இருந்தா வராம இருப்பீயளா?"

உலகம்மாள் ஆய்ந்த கீரையை அள்ளி முறத்தில் போட்டாள். மறுநாளே அவள் குற்றாலம் ரோட்டுக்குப் போனாள்.

கடைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். தப்பு எப்படி நடந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, மனோரஞ்சிதம் என்ற பெயரில் அவரிடம் யாரும் கல் கேட்டதும் இல்லை. மன்னிப்புக் கேட்டு, அவள் முன்னாலேயே உட்கார்ந்து, அதே கறுப்புக் கிரானைட்டில், அதே அளவில், 14 என்றும் கீழே உலகம்மாள் இல்லம் என்றும் வெட்டினார். ஒவ்வொரு எழுத்தும் விழ விழ அவள் தூசியை வாயால் ஊதினாள். தங்கக்கலர் காய்கிறவரை வெயிலில் காவல் இருந்தாள். பிறகு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை பெற்று வீட்டுக்கு வருகிறவள் மாதிரி வந்தாள்.

கொத்தனார் உளியைத் தூணில் வைத்ததும் தெரு கூடிவிட்டது. சத்தம் போடவில்லை, யாரும் அவளைத் தொடவில்லை; சும்மா தூணுக்கும் உளிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு கல் உலகத்தில் உண்டா என்று கேட்டார்கள். தபால்காரர் என்ன செய்வார், பால்காரர் என்ன செய்வார் என்று கேட்டார்கள். மனோரஞ்சிதம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அழுதாள், அவள் அழுவதைப் பார்த்துச் செல்லத்தாயும் அழுதாள். கொத்தனார் உளியைப் பைக்குள் போட்டார்.

"இதை என்ன செய்யட்டும்?" என்று உலகம்மாள் கல்லைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று கேட்டாள். அவள் கேட்டது புருஷனிடம்.

குத்தாலிங்கம் கல்லைப் பார்த்தார். நல்ல கல்தான், வீணாக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். "பின்னால போடு," என்றார். "துணி துவைக்க ஆகும்."

எல்லோரும் அது நல்ல யோசனை என்றார்கள். கல் கொல்லையில் குழாயடிக்குப் போனது. அவள் அதை எழுத்து மேலே தெரியும்படி வைத்தாள். குத்தாலிங்கம் தினமும் மில்லிலிருந்து வந்து அதன்மேல் ஏறி நின்று கால் கழுவினார். அவர் போன பிறகு அவள் போய், வெட்டின எழுத்துக்குள் தங்கிய சேற்றைத் தென்னங்குச்சியால் குத்தி எடுப்பாள்.

இதையெல்லாம் அவள் தாங்கினாள் என்றால், அது மகளுக்காக. மகள் பிரியா கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். அங்கேயே ஒரு பையனைப் பார்த்து, இரண்டு பக்கமும் பேசி, தை மாதம் நிச்சயம் என்று ஆகியிருந்தது. பிரியா வரட்டும், வந்து "அம்மா" என்று ஒரு சொல் சொல்லட்டும், அதற்குப் பிறகு எந்தக் கல் என்ன சொல்லும் பார்ப்போம் என்று ஸ்டோர் ரூமில் படுத்துக்கொண்டு உலகம்மாள் அரிசி மூட்டையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில் பிரியா வந்தாள். கேட்டில் நின்று கல்லைப் படித்தாள். வாசலில் ஒருத்தியும் கொல்லைப்பக்கத்துச் சந்தில் ஒருத்தியுமாக இரண்டு பேர் நின்றார்கள். அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் மனோரஞ்சிதத்தின் தோளில் முகத்தை வைத்து, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "அம்மா," என்றாள்.

தெரு மூச்சு விட்டது.

மத்தியானம், எல்லோரும் பந்தல் வேலையில் இருக்கும்போது, பிரியா குழாயடிக்கு வந்தாள். உலகம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சின்ன வயதில் செய்கிற மாதிரி அம்மாவின் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள்.

உலகம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். "தெரியுமா? தெரிஞ்சா ஏன் சொல்லல? போய்ச் சொல்லு பிரியா. நீ சொன்னா நம்புவாங்க."

"பத்திரிகை அடிச்சாச்சு. கல்லுல உள்ள பேருதான் போட்டிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல ஏற்கெனவே ஆயிரம் கேள்வி. இப்போப் போய் எங்கம்மா ரெண்டு பேருன்னா என்ன நினைப்பாங்க?"

"ரெண்டு பேரு இல்ல. நான் ஒருத்திதான்."

"தெரியும்மா. அதான் சொல்றேன்ல." பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவங்க வரும்போது நீ... ஸ்டோர் ரூமை விட்டு வெளிய வராம இருந்தாப் போதும். யாராவது பாத்துட்டா, சமையலுக்கு வந்தவங்கன்னு சொல்லிக்கிடுதேன். தப்பா நினைக்காத. உன்னை எனக்குத் தெரியாமலா போயிரும்?"

உலகம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். தெரியாமல் செய்த தெருவை அவளால் மன்னிக்க முடிந்தது, புருஷனைக்கூட முடிந்தது. தெரிந்து செய்கிறவளை என்ன செய்வது என்று யோசித்தாள். பிறகு ஈரக்கையை மகள் தலையில் வைத்து, "நல்லா இரு," என்றாள்.

பிரியா எழுந்து போன பிறகு, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உள்ளே இருந்த மகளின் பைக்குள் போட்டாள். பழைய துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். குழாயடிக் கல்லை நெம்பித் தூக்கி, ஈரம் சொட்டச் சொட்டத் தலையில் ஏற்றிக்கொண்டு, பந்தல்காரர்களுக்கு நடுவில் புகுந்து, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள். குத்தாலிங்கம் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லத்தாய் மட்டும் வாசலிலிருந்து, "ஏ, இந்தா," என்று கூப்பிட்டாள். பெயர் வாயில் வராமல் கொஞ்சம் திண்டாடினாள். "வெயிலாக் கெடக்கு, பாத்துப் போ," என்று முடித்துவிட்டாள்.

வாய்க்காலைத் தாண்டினால் ஒரு நகர், அதைத் தாண்டினால் இன்னொரு நகர், அந்தப் பக்கத்து வயலெல்லாம் நகராகிக்கொண்டிருந்த காலம் அது. எல்லா நகரிலும் ஒரு பதினாலு உண்டு. முதல் நகரில் பதினாலாம் நம்பர் வீட்டுத் தூணில் ஏற்கெனவே ஒரு கல் இருந்தது. அடுத்ததில் பதினாலு வெறும் மனை, கருவேலமும் ஒரு கழுதையும் நின்றன. கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறிக்க, தலைமேல் இருந்த கல்லின் சூடு மூளைக்குள் இறங்க, அவள் நடந்துகொண்டே இருந்தாள். வெயில் சாயும்போது ஒரு புதுத்தெருவில், பச்சை வண்ணம் காயாத ஒரு வீட்டு முன்னால் வந்து நின்றாள். தூணில் கரிக்கட்டையால் 14 என்று எழுதி, பக்கத்தில் ஒரு குழி விட்டிருந்தது. கொத்தனார் ஒருவர் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

புடவையைத் தூக்கிச் சொருகி, தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு, ஒரு பெண் வாசல் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். உலகம்மாளைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்துவந்தாள்.

"ஐயோ, இவ்வளவு பெரிய சுமையோட வெயில்ல நிக்கீயளே அக்கா! இறக்குங்க, இறக்குங்க." தானே ஒரு பக்கம் பிடித்து இறக்கினாள். கல்லின் முகம் சுவரைப் பார்த்தபடி சாய்ந்தது. "எங்க வீட்டுல நாளைக்குப் பால்காய்ப்பு. நம்பர் போர்டு இன்னும் வரல, இந்தா அந்தான்னு கடைக்காரன் இழுக்கான். பித்தளையா ஸ்டீலான்னு நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே, எங்க வீட்டுக்காரரு சிரிக்காரு. எனக்கு இதுதான்க்கா மொத வீடு. பொறந்ததுலருந்து வாடகை வீடுதான். இரிங்க, குடிக்கத் தண்ணி கொண்டாரேன்."

அவள் பேசப் பேச உலகம்மாளின் நெஞ்சில் என்னவோ இளகியது. கல் வந்ததும் துணியை விலக்கிப் படித்துப் பார், கலவை வைக்கிறதுக்கு முன்னால் படித்துப் பார், யாரையும் நம்பாதே என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பெண் உள்ளே போயிருந்தாள். அப்போது கொத்தனார் பீடியை அணைத்துவிட்டு, "கலவை இறுகுது. கல்லு இருக்கா இல்லியாம்மா?" என்று கேட்டார்.

உலகம்மாள் வீட்டைப் பார்த்தாள். சுவருக்கு யாரோ நன்றாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், ஒரு வெடிப்புக்கூட இல்லை.

"இருக்கு," என்றாள். "இந்தா."

கொத்தனார் கல்லைத் திருப்பினார், நம்பரைப் பார்த்தார், குழியில் வைத்துக் கரண்டிப் பிடியால் தட்டினார். கல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பூக்கூடையோடு பைக்கில் வந்து இறங்கிய வீட்டுக்காரர் அதைப் படித்தார், உலகம்மாளைப் பார்த்தார், "வந்துட்டியா? பூவை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, "உலகம்மா மயினி, கல்லு பிரமாதமா இருக்கு!" என்று கத்தினாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் உலகம்மாளுக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. எத்தனை வருஷம். இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று அண்ணாந்து பார்த்தாள்.

அந்தப் பெண் சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். கல்லைப் படித்தாள். சிரித்துக்கொண்டே, "இது எங்க கல்லு இல்லியே," என்றாள். யாரும் சிரிக்காததால் புருஷனைப் பார்த்தாள். அவர் பூக்கூடையோடு அவளைத் தாண்டி உள்ளே போனார். மாடியைப் பார்த்தாள், அங்கே யாரும் இல்லை.

உலகம்மாள் சொம்பை வாங்கி அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நல்ல தண்ணீர், குளிர்ச்சியாக இருந்தது. இவள் பெயர் என்ன என்று கேட்க நாக்கு எழுந்தது. கேட்டுவிட்டால் பிறகு மறக்கப் பாடுபட வேண்டியிருக்குமே என்று நினைத்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.